வன்னி றோட்டுக்கு ஒரு சொகுசுக் கார்: அலியனா, அக்ஸியோவா, கிரேஸா, பழைய பென்ஸா?

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வன்னியில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது. அடுத்தது, திருப்பி விற்றால் என்ன விலை போகும் என்பது. இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் முல்லைத்தீவிலிருந்து அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கிளினிக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்புகிறவருக்கும், ஒட்டுசுட்டானிலிருந்து இரவோடிரவாக ஓடி விடியக் கட்டுநாயக்காவில் நிற்கிறவருக்கும் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. இறங்கும்போது முதுகு எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கார் வாங்கிவிட்டு, பிறகு சீற்றுக்குத் தலையணை வைத்து ஓடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிடப் போவது நடுத்தர அளவுக் கார்களை மட்டும். சின்னக் கார்களின் கணக்கு வேறு, கெப், ஜீப் கணக்கு வேறு. விலை பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், திறந்தும் வரி இலேசில்லை. அதனால் 20 வயதுக் கொரோலாவுக்கே இன்னும் மவுசு. இந்த நாட்டில் பழைய காருக்குக் கொடுக்கிற காசு சின்னக் காசில்லை, ஒரு வீட்டின் அரைவாசிச் சேமிப்பு அதற்குள் போய்விடும். பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு கதவுக் கார், கூரை திறக்கிற கார் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இங்கே நிற்க நினைக்கிறவர்கள் சிலருக்கு அந்த ஆசை இருக்கிறது. கனடாவில் டொயோட்டா சொலாராவோ மஸ்ராங்கோ ஓடிப் பழகிய சித்தப்பாமாருக்கு அது பிழையான ஆசையில்லை. சொலாரா என்பது கம்ரியை இரண்டு கதவாக்கிய கார், நீளமான றோட்டில் மெத்தென்று போகும், 2008 வரை செய்தார்கள், அந்த நாட்டில் பழையதாக வாங்குகிறவருக்கு நல்ல சாமான். ஆனால் அங்குள்ளது இடப்பக்க ஸ்டியரிங், அதை இங்கே கொண்டு வருகிற யோசனையை விட்டுவிடுங்கள். இங்கே கிடைக்கிற இரண்டு கதவுக் கார்களில் டொயோட்டா சைனோஸ் மாதிரிப் பழசுகள் சின்னவை, மஸ்டா ஆர்எக்ஸ்-8 மாதிரியானவை, பின்னால் இரண்டு குட்டிக் கதவு இருந்தாலும் இந்தக் கூட்டம்தான், எஞ்சினே வேறு வகை, வவுனியாவுக்கு இந்தப் பக்கம் அதில் கை வைக்க ஆள் தேட வேண்டும். கன்வேர்ட்டிபிள், அதாவது கூரை திறக்கிற கார் என்றால் பெரும்பாலும் துணிக் கூரை. சித்திரை வெயிலில் அந்தத் துணியும் ஓரத்து இறப்பரும் காய்ந்து வெடிக்கும், மாரியில் அதே வெடிப்பால் தண்ணீர் உள்ளே இறங்கும், நடுவில் சோளகக் காற்றோடு வருகிற கிரவல் புழுதி கூரை நகருகிற தண்டவாளத்துக்குள் போய் இறுகும். கூரையைத் திறந்து ஓடலாமென்றால் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும்தான் முடியும், ஆறுக்குப் பின் பூச்சி. எல்லாவற்றையும் விட, வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ புறப்படும்போது அம்மம்மாவை முன் சீற்றை மடித்துப் பின்னால் ஏற்ற முடியாது. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, வேறொரு வாகனமும் நிற்கிறது என்றால் ஆசைக்கு வாங்குங்கள். ஒரே கார் என்றால் வேண்டாம்.

சரி, நாலு கதவுக்கு வருவோம். வன்னியில் சொகுசு என்பது என்ன? ஏ9 காபற் றோட்டு, அதில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். ஏ35, ஏ34, பூநகரிப் பக்கத்து ஏ32 எல்லாமே முன்பிருந்ததை விட எவ்வளவோ மேல். பிரச்சினை கடைசி ஐந்து ஆறு கிலோமீற்றரில். பிரதான றோட்டை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல், மழை பெய்தால் அதில் உரல் மாதிரிக் குழி, மதகடியில் ஒரு தூக்கல். ஆகவே முதலாவது, பின் சீற்றில் இருக்கிறவர் எவ்வளவு குலுங்குகிறார், அடி எவ்வளவு தட்டுகிறது. இரண்டாவது ஏ.சி. வெயிலில் நின்ற காரை எவ்வளவு கெதியாகக் குளிராக்குகிறது. மூன்றாவதை ஆட்கள் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன்: நெடுங்கேணிக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நின்றுவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள்? யானை திரிகிற இடத்தில் நிற்கிற காருக்குள் எந்த மெத்தை சீற்றும் சொகுசு தராது.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எனக்கு முதலாவது டொயோட்டா அலியன். இதில் இரண்டு தலைமுறை இங்கே ஓடுகிறது. 2001 முதல் 2007 வரை வந்ததை 240 என்கிறோம், 2007-க்குப் பிறகு 2021 வரை செய்ததை 260 என்கிறோம். பிரிமியோ இதன் கூடப் பிறந்த கார். அடிச்சட்டம், எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாம் ஒன்றுதான், முகமும் உள் அலங்காரமும் கொஞ்சம் பெரிய மனிதத் தோரணை, விலையும் அதற்கேற்ப மேலே. ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. பெயருக்காக மேல்காசு கொடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் ஒரே விலைக்கு நல்ல பிரிமியோ கிடைத்தால் விடவும் வேண்டாம்.

அலியனில் எனக்குப் பிடித்தது ஓர் எளிய அளவு. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2700 மில்லிமீற்றர். 121 மொடல் டொயோட்டா கொரோலா, டொயோட்டா அக்ஸியோ, ஹொண்டா கிரேஸ் மூன்றிலும் அது 2600. பத்துச் சென்ரிமீற்றர்தானே என்று நினைக்காதீர்கள். பின் சீற்றில் முழங்காலுக்கு வருகிற இடமும், குழிக்குள் இறங்கி ஏறும்போது கார் முன்பின்னாக ஆடுகிற ஆட்டமும் இதில்தான் இருக்கிறது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை பின்னால் இருந்து போய்ப் பாருங்கள், பிறகு அக்ஸியோவில் அதே றோட்டில் போங்கள், நான் சொல்வது முதுகுக்கு விளங்கும். ஸ்பிரிங் மென்மையாக விட்டிருக்கிறார்கள், வேகமாக வளைக்கிறவருக்கு அது பிடிக்காது, வயதானவரை ஏற்றிப் போகிறவருக்கு அதுதான் வேண்டும். இத்தனைக்கும் அகலம் 1.7 மீற்றருக்குள், ஒடுங்கின குளக்கட்டில் எதிரே உழவு இயந்திரம் வந்தாலும் ஒதுங்கலாம்.

1.5 எஞ்சின் போதும். 1.8-ம் இருக்கிறது, ஐந்து பேரும் சாமானும் ஏற்றி அடிக்கடி கொழும்பு ஓடுகிறவருக்கு அது நல்லது, மற்றவர்களுக்குத் தேவையில்லை. அந்த 1.5 எஞ்சின்தான் 121 கொரோலாவிலும் வருகிறது, பெல்ற் இல்லை, ரைமிங் செயின், அதனால் குறித்த கிலோமீற்றரில் பெல்ற் மாற்றுகிற செலவும் பயமும் கிடையாது. வன்னியில் எந்த நகரத்துக் கராஜிலும் இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார், சாமானும் வவுனியாவிலேயே எடுக்கலாம். 240-இல் சாதாரண நாலு கியர் ஓட்டோமற்றிக், 260-இல் சி.வி.ரி., அதாவது தனித்தனிக் கியர் இல்லாமல் உள்ளே ஒரு பெல்ற்றால் வேகம் மாற்றுகிற கியர்பொக்ஸ். இந்த சி.வி.ரி.யில் ஒரு கவனம். அதற்கென்று தனி ஒயில் இருக்கிறது. 'எல்லாம் ஒன்றுதான் அண்ணை' என்று சொல்லிச் சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றுகிற கராஜ்கள் உண்டு. ஊற்றினால் கியர்பொக்ஸுக்குள் உள்ள அந்த பெல்ற் வழுக்கத் தொடங்கும், பிறகு கியர்பொக்ஸ் மாற்றுகிற செலவு. வாங்கும்போதே எப்போது, எந்த ஒயில் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். விற்கிறவர் தடுமாறினால் விலையில் கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த அலியன், பிரிமியோ பலவற்றில் உள்ளே வெளிர் மஞ்சள் நிறம். நம்முடைய சிவப்புப் புழுதியில் ஒரு கோடைக்குள் அது காவி நிறமாகிவிடும். கறுப்பு உள்ளமைப்பு கிடைத்தால் எடுங்கள் என்பேன், ஆனால் கறுப்பு வெயிலில் கொதிக்கும், தோல் சீற்றென்றால் உட்காரவே முடியாது. துணி சீற்று, அதற்கு மேல் கழற்றித் தோய்க்கக் கூடிய உறை. இதுதான் இந்த இடத்துக்குச் சரி.

அடுத்தது அக்ஸியோ ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் பற்றரியில் ஓடுகிற மோட்டாரும் சேர்ந்த கார். 2013-இல் வந்தபோது ஜப்பானியச் சோதனையில் லீற்றருக்கு 33 கிலோமீற்றர் என்று போட்டார்கள். அந்த இலக்கத்தைக் காட்டித்தான் இன்றும் விற்கிறார்கள். ஹைபிரிட் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள். கொழும்பில் நின்று நின்று ஊர்கிற இடத்தில், பிரேக் பிடிக்கும்போது பற்றரிக்குச் சக்தி ஏறும், நிற்கும்போது எஞ்சின் ஓய்ந்துவிடும். ஏ9-இல் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை ஒரே வேகத்தில் போகிறவருக்குப் பிரேக் பிடிக்கிற வேலையே குறைவு. அதனால் அங்கே கிடைக்கிற மிச்சம் கொழும்பில் கிடைக்கிற அளவு இல்லை. கணக்கொன்று போடுவோம். மாதம் 1000 கிலோமீற்றர், அலியன் லீற்றருக்கு 14, அக்ஸியோ 20 என்று வைத்தால் வித்தியாசம் ஏறக்குறைய 21 லீற்றர். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்றால் மாதம் 6,400 ரூபாய், வருடம் 77,000. நல்ல காசுதான், மறுக்கவில்லை. 2022 ஜூனில் 92 பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனதையும், பிறகு கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதையும் மறக்காதவர்களுக்கு இந்த 21 லீற்றர் இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆனால் மறுபக்கம் பற்றரி இருக்கிறது. அக்ஸியோவில் அது பின் சீற்றுக்கு அடியில். அதைக் குளிராக்கக் காருக்குள்ளிருந்தே காற்றை இழுக்கிற வாய் பின் சீற்றுப் பக்கத்தில் இருக்கும், கண்ணாடியைத் திறந்து கிரவலில் ஓடினால் அந்த வாயால் போவது புழுதி. மின்விசிறி அடைபட்டால் பற்றரி சூடாகும், சூடானால் ஆயுள் குறையும், மாற்றுகிற செலவு லட்சக்கணக்கில். அதை வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் துப்புரவாக்க வேண்டும், வாங்கின பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. இன்னொன்று ஏ.சி. ஹைபிரிட்டின் ஏ.சி. கொம்பிரஸர் மின்சாரத்தில் ஓடுவது, அதனால் எஞ்சின் நின்றாலும் குளிர் வரும், முறிகண்டியில் காரை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு வருமட்டும் உள்ளே பிள்ளை நித்திரை கொள்ளலாம் என்கிற சுகம் உண்மை. ஆனால் அந்தக் கொம்பிரஸருக்குத் தனி ஒயில். தெரியாத ஒருவர் வாயு நிரப்பும்போது சாதாரண ஒயிலை விட்டால் மின் காப்பே கெட்டுப்போகும். இதைத் தெரிந்து செய்கிற இடம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதென்றால், மாதம் 1500, 2000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்றால், அக்ஸியோ சரியான தெரிவு. வீட்டுத் தேவைக்கு மட்டும் ஓடுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஹொண்டா கிரேஸ் உள்ளே ஏறினால் மயங்கிவிடுவீர்கள். பெற்றோல் தாங்கி முன் சீற்றுகளுக்குக் கீழே இருப்பதால் பின்னால் கால் நீட்டுகிற இடம் தாராளம், வெளியே சின்னதாகத் தெரிகிற காரில் எப்படி இவ்வளவு இடம் என்று தோன்றும். ஓட்டுகிறவருக்கு அலியனை விடச் சுறுசுறுப்பு. ஆனால் அடி தாழ்வு, முன் தாடை கிரவல் மேட்டில் உரசும். அதோடு ஹைபிரிட் கிரேஸின் கியர்பொக்ஸ் ஏழு கியர் இரட்டைக் கிளச் வகை. அந்த வகை கியர்பொக்ஸ் வைத்த ஃபிட், வெஸல் கார்களை ஹொண்டாவே ஜப்பானில் 2013, 2014-இல் பல தடவை திரும்ப அழைத்துத் திருத்தியது. பிறகு வந்த கிரேஸ்கள் மேல், உண்மைதான். இங்கே நெரிசல் குறைவு என்பதால் கிளச் சூடாகிற தொல்லையும் குறைவு. எனக்குள்ள தயக்கம் பழுது வந்தால் எங்கே கொண்டு போவது என்பதில். ஸ்கேனரோடு உட்கார்ந்து கிளச்சைச் சரிப்படுத்தத் தெரிந்த ஆள் அனுராதபுரத்திலோ யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ என்றால், போய் வருகிற செலவும் ஒருநாள் வேலையும் காரின் விலையோடு சேரும். வவுனியா நகரத்துக்குள், காபற் றோட்டிலேயே வீடு உள்ளவருக்குப் பொருந்தும். உள்கிராமத்துக்கு வேண்டாம்.

யாரும் அதிகம் கேட்காத ஒன்று நிசான் புளூபேர்ட் சில்ஃபி, 2005-இலிருந்து 2012 வரை வந்த ஜி11. சில்லிடைத் தூரம் இதிலும் 2700. சோபா மாதிரி சீற்று, பின்னால் அலியனுக்கு ஈடான இடம், விலை அலியனை விடக் குறைவு. குறைவதற்குக் காரணம் காரின் தரமில்லை, நம் ஆட்களுக்கு டொயோட்டா மீதுள்ள நம்பிக்கை. சாமான் எடுக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், விற்கும்போது ஆள் தேட வேண்டும். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறேன், விற்கிற யோசனையே இல்லை என்கிறவருக்குக் கொடுக்கிற காசுக்கு அதிகச் சொகுசு தருவது இதுதான்.

121 கொரோலா பற்றி எல்லோருக்கும் தெரியும். குறைந்த காசுக்கு நம்பிக்கையான கார், ஆனால் பின் சீற்று இறுக்கம், இப்போது கிடைப்பவை எல்லாம் வயதானவை. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு 240 அலியன் எடுக்க முடிந்தால் எடுங்கள், அவ்வளவுதான்.

பழைய பென்ஸ், அதாவது டபிள்யூ 124 மொடல், 121 கொரோலா விலைக்கே கிடைக்கிறது என்று யாராவது படம் அனுப்பியிருப்பார்கள். ஓட்டத்தில் மேலே சொன்ன எதுவும் அதற்குக் கிட்ட வராது. சில்லிடைத் தூரம் 2800, பின் சில்லு ஒவ்வொன்றையும் ஐந்து கம்பிகள் தனித்தனியாகப் பிடித்திருக்கும், குழியில் விழுந்தாலும் சத்தமில்லாமல் விழுந்தெழும். ஒரு காரை இவ்வளவு அக்கறையாகச் செய்ய முடியுமா என்று கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே தெரியும். ஆனால் புதியதற்கே 30 வயதாகிறது. இறப்பர் புஷ், ஏ.சி., துரு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காசு கேட்கும், 1993-க்குப் பிந்தியவற்றில் எஞ்சின் வயர்களின் உறை தானாக உதிர்கிற குறையும் உண்டு. டீசல் 200, 250 எஞ்சின்கள் முரட்டு உழைப்பாளிகள், எலெக்ரோனிக் குறைவு, நம்மூர் டீசல் மெக்கானிக்குகளே பார்ப்பார்கள். உங்களுக்கு ஒரு நல்ல மெக்கானிக் நண்பர், வீட்டில் கூரை போட்ட கொட்டில், அவசரத்துக்கு இன்னொரு வாகனம் மூன்றும் இருந்தால் 124 டீசலை வாங்குங்கள், சந்தோசமாக இருப்பீர்கள். ஒன்று குறைந்தாலும் அது தொல்லை.

ஆக என் தெரிவு 260 அலியன் 1.5, காசு எட்டாவிட்டால் 240. இனிப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை. மீற்றரை நம்பாதீர்கள். சேசி இலக்கத்தை வைத்து ஜப்பான் ஏலத் தாளை எடுத்துப் பார்க்கலாம், இறக்குமதியான போது எத்தனை கிலோமீற்றர், எங்கே அடிபட்டது என்பது அதில் இருக்கும். கொழும்புப் பக்கத்துக் கார் என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எத்தனையோ கார்கள் மூழ்கின, துடைத்து மினுக்கி விற்றால் யாருக்குத் தெரியும்? சீற் பெல்ற்றை முழுதாக இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா, சீற் தண்டவாளத்தில் துருவா, காபற்றைத் தூக்கினால் மணமா என்று பாருங்கள். நடுப்பகலில் போய்ப் பாருங்கள், ஏ.சி. உண்மையைச் சொல்லும். பின்னேரம் வாங்கோ என்று விற்பவர் வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள். தரகர் காட்டுகிற காபற் றோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வராமல், பக்கத்தில் உள்ள மிக மோசமான கிரவலுக்கு இறக்கி, வீட்டில் மிக வயதானவரைப் பின் சீற்றில் இருத்தி ஓட்டுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். 17, 18 அங்குல அலோய் போட்டிருந்தால் பழைய 15 அங்குலச் சில்லும் தரச் சொல்லுங்கள், மெல்லிய ரயரில் இந்தக் காரின் மென்மை முழுதும் போய்விடும். முன் லைற் மஞ்சளித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும், இரவில் ஏ9 நடுவே படுத்திருக்கிற கறுத்த மாடு கடைசி நொடியில்தான் தெரியும்.

பத்திரம் கடைசி விசயம், ஆனால் இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது முதல் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு நாலைந்து கை மாறி வருகிற கார்கள் இங்கே ஏராளம். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவில் உள்ளவரை நேரில் காணாமல் காசு கொடுக்கக் கூடாது. எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் நீங்களே போனட்டைத் திறந்து ஒத்துப் பாருங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்கிறவர் 'அதெல்லாம் கட்டி முடிச்சாச்சு தம்பி' என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், கம்பனி தருகிற விடுவிப்புக் கடிதம் கைக்கு வருமட்டும் முற்பணம்கூட வேண்டாம்.